முடிஞ்சிருச்சு

எங்கள் கம்பெனி ஆண்டு மலருக்காக ஜெரால்டு அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொல்லியிருக்கிறார் முதலாளி உடையப்பன். எழுதுகிறேன். வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

அண்ணன் ஆவூர்க்காரர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ராணுவத்தில் சேர்ந்து, சிக்னல் பிரிவில் பதினேழு வருஷம் வயர்லெஸ் செட்டோடு மல்லுக்கட்டினார். அஞ்சல் வழியில் பி.சி.ஏ. முடித்ததும் அங்கே இருந்தபோதுதான். பென்ஷன் வருகிறது, நிலம் இருக்கிறது, மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். திருச்சிக்கு பஸ்ஸில் போய்வந்து புரோகிராமிங் கற்றுக்கொண்டு, முப்பத்தாறு வயதில் புதுக்கோட்டையில் எங்களிடம் வேலைக்கு வந்தார். ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதும் சின்னக் கம்பெனி. நான் அப்போதே அங்கே ஆறு வருஷம், அசல் பி.இ. அவர் எனக்குக் கீழே. ஒன்பது வயது மூத்தவர் என்னை "சார்" என்பார். அதுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் குளித்துக்கொண்டே போனில் "இந்தா வந்துட்டேன்" என்போம். வேலை பாதியில் கிடக்கும்போதே "முடிஞ்சிருச்சு" என்போம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அண்ணன் மட்டும் திருப்பிக் கேட்பார்: "முடிஞ்சிருச்சா, முடியப்போகுதா சார்?" பெரிய மிலிட்டரி வந்துட்டாரு என்று முதுகுக்குப் பின்னால் கேலி பேசியது நான்தான்.

இந்த வருஷம் வேலைமுறைகளைச் சீர்படுத்த ஒரு மேனேஜர் பதவி வந்தது. எனக்குத்தான் என்று என் மனைவி பொற்கொடியிடம் சொல்லிவிட்டேன். அவள் எங்கள் ஊர் இலுப்பூர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அந்த வாரம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் புதிய பதிப்பு போக வேண்டும். அண்ணன் லீவு. "டெஸ்டிங் முடிஞ்சுதாப்பா?" என்று முதலாளி போனில் கேட்டார். "முடிஞ்சிருச்சுங்க" என்றேன். இரண்டு சோதனை பாக்கி இருந்தது. அவர் அப்போதே அனுப்பச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் டோக்கன் எல்லாம் ஒரே டாக்டருக்கு விழுந்து, பல்வலிக்காரர்கள் பிரசவ வார்டு வாசலில் வரிசையில் நின்றார்கள்.

அண்ணன் லீவை விட்டுவிட்டு வந்து மதியத்துக்குள் சரிசெய்தார். விசாரித்து அறிக்கை எழுதும் வேலையும் அவருக்கே வந்தது. "என்ன சொன்னீங்களோ அப்புடியே சொல்லுங்க சார்" என்றார். சொன்னேன். குறித்துக்கொண்டார்.

ஒரே சொல்லை இரண்டு பேர் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டார்கள், இனி சோதனைப் பட்டியலைக் கண்ணால் பார்க்காமல் எதையும் அனுப்பக் கூடாது என்று எழுதியிருந்தார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் பெயரே இல்லை.

"எம் பேர ஏண்ணே போடல?"

"ஒங்களுக்குப் பதிலா வேற ஆளு இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பாரு சார். மாத்த வேண்டியது மொறையத்தான்."

அந்த அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் முதலாளி பதவியை அவருக்குக் கொடுத்தார். பதவி போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். தப்பு அவருடையதாகி, அறிக்கை என் கைக்கு வந்திருந்தால், முதல் வரியிலேயே அவர் பெயரைப் போட்டிருப்பேன். அது அவருக்கும் தெரியும்.