என் போனுக்கு வந்த அழைப்பு

அண்ணனுக்குக் காது மந்தம். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடம் பாரந்தூக்கி ஓட்டியவர். வேலையை விட்டு வரும்போது காதில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். வீட்டில் அவர் தொலைக்காட்சி வைக்கும் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. சுவா சூ காங்கில் எங்கள் புளோக்கின் மின்தூக்கியை விட்டு வெளியே வந்ததுமே இன்று என்ன ஓடுகிறது என்று தெரிந்துவிடும். ஆறு பேர் படுத்திருக்கும் மருத்துவமனை வார்டில் அதே சத்தத்தை வைத்தால் பொறுப்பார்களா?

கைப்பேசியை வயிற்றின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு பழைய காற்பந்தாட்டங்களைப் பார்ப்பார். மலாய் வர்ணனைதான் வேண்டும் அவருக்கு. கோல் விழும்போதெல்லாம் வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்துவார். பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனப் பெரியவர் திரைச்சீலையைச் சர்ரென்று இழுத்து மூடிக்கொள்வார். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தாதி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒரு ஹெட்போன் வாங்கிக் குடுத்துருங்களேன். அங்கிள்கிட்ட சொன்னா சிரிக்கறாரு, சத்தத்தக் குறைக்க மாட்டேங்கறாரு."

அண்ணி இறந்து ஒன்பது வருடமாகிறது. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். அதனால் அண்ணன் வீட்டுக்கே குடிவந்தேன். அவருக்கு ஒரே மகள், பெர்த்தில் ஆசிரியை. கணையத்தில் புற்று என்று தெரிந்தபோது அவள் ஓடிவந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனாள். பிறகு வீட்டில் நானும் அண்ணனும் மட்டும். இந்தத் தடவை காய்ச்சல் என்று சேர்த்தோம். எடுத்துப் பார்த்த படத்தில் நோய் ஈரலுக்கும் போயிருந்தது. மருத்துவர் என்னிடம் சொன்னார். பெர்த்துக்கும் போன் போட்டுச் சொன்னார். "அண்ணனிடம் இப்போதைக்கு வேண்டாம்" என்று நாங்கள் இருவருமே கேட்டுக்கொண்டோம். "அவரா கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். கேக்கலேன்னா நானா சொல்லல" என்றார் மருத்துவர். அது போதும் என்றிருந்தது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்ததும் லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில், நாங்கள் பல வருடமாகப் போகும் கைப்பேசிக் கடை. கடைக்கார பாய்க்குத் தாத்தா காலத்திலிருந்தே இங்குதான். அவர் ஒரு கறுப்பு ஹெட்போனை எடுத்து என் முன்னால் வைத்தார். காது முழுவதையும் மூடிக்கொள்ளும் பஞ்சு வைத்தது.

"அண்ணனுக்கா? அப்ப காதுக்குள்ள சொருகறது வேணாம், விழுந்துரும். இதான் நல்லது. உங்க போனக் குடுங்க, டெஸ்ட் பண்ணிக் காட்டறேன்."

என் போனில் ப்ளூடூத்தைத் திறந்து, ஹெட்போன் பொத்தானை அழுத்திப் பிடித்தார். நீல விளக்கு மினுக்கியது. என் காதில் மாட்டி ஒரு பாட்டைப் போட்டார். தெருச் சத்தம் எல்லாம் அப்படியே நின்றுபோய், பாட்டு மட்டும் தலைக்குள் கேட்டது. நான் தலையாட்டினேன்.

"இதுல இன்னொரு நல்லது இருக்கு. ஒரே நேரத்துல ரெண்டு போன்ல கனெக்ட் ஆகும். உங்களது ஒண்ணு, அண்ணனோடது ஒண்ணு. எதுல சத்தம் வருதோ அத எடுத்துக்கும்."

நல்லதுதானே என்று நினைத்தேன். அதற்குமேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

மாலை நாலரை மணிக்கு வார்டுக்குப் போனேன். அண்ணன் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி உட்கார்ந்திருந்தார். இரண்டு வாரத்தில் கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகிவிட்டது. டப்பாவைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"கம்ப்ளெயின்ட் பண்ணிட்டாங்களா, பாப்பா?"

எனக்கு ஐம்பத்தாறு வயது. அண்ணனுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

"ஆமாண்ணே. உங்க கோல் சத்தத்துல பக்கத்துல உள்ளவருக்கு பிரஷர் ஏறுதாம்."

சிரித்தார். அவர் போனில் இணைப்பதற்கு எனக்குப் பத்து நிமிடம் ஆனது. பொத்தானை அழுத்துவேன், விளக்கு மினுக்கும், பட்டியலில் பெயர் வராது. பெயர் வந்தால் தொட்டவுடன் மறைந்துவிடும். அண்ணன் டப்பாவிலிருந்த விளக்கத் தாளைப் பிரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "அஞ்சு செகண்ட் புடிக்கணும்னு போட்டிருக்கு, நீ மூணுலயே விட்டுடற" என்றார். நான்காம் முறையில் இணைந்தது. அவர் தலையில் மாட்டிவிட்டு, அவர் போனில் ஆட்டத்தை ஓடவிட்டேன். வர்ணனை அவர் காதுக்குள் போய்விட்டது. வார்டு அமைதியாயிற்று. அண்ணன் கண்களை விரித்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவருக்கு ஒரு வேலையைச் சரியாகச் செய்து கொடுத்ததுபோல.

அப்போது என் கைப்பை அதிர்ந்தது. பெர்த்திலிருந்து அண்ணன் மகள். அவர் முன்னால் பேச வேண்டாம் என்று போனை எடுத்துக்கொண்டு வார்டுக்கு வெளியே வந்தேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பச்சைப் பொத்தானைத் தொட்டேன்.

"ஹலோ, சொல்லும்மா."

சத்தமே இல்லை. "ஹலோ? கேக்குதா?" திரையைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அழைப்பு அறுபடவில்லை. ஜன்னல் பக்கமாக நடந்தேன். ஒலியைக் கூட்டினேன். போனைக் காதில் அழுத்திக்கொண்டு ஹலோ ஹலோ என்று கத்தினேன். காத்திருந்த ஒரு மலாய்ப் பெண் பரிதாபமாகப் பார்த்தாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். லைன் சரியில்லை, வைத்துவிட்டு மறுபடி கூப்பிடலாம் என்று திரும்பியபோது கண்ணாடி வழியாக அண்ணனைப் பார்த்தேன்.

அவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. போன் மடியில் கவிழ்ந்து கிடந்தது. இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கால்மாட்டில் எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். யாரோ சொல்வதை ஒரு சொல் விடாமல் கேட்பவர் முகம் அது. எனக்குப் புரிவதற்குள் அவர் உதடு அசைந்தது. ஏதோ சொன்னார். பிறகு ஹெட்போனைக் கழற்றிப் படுக்கையில் வைத்தார்.

என் திரையில் அழைப்பு முடிந்திருந்தது. மூன்று நிமிடம் சொச்சம்.

ப்ளூடூத்தை எப்படி நிறுத்துவது என்றுகூட மறந்துபோய், திரையில் கண்டதையெல்லாம் தொட்டேன். நிறுத்திய மறுநிமிடம் போன் மறுபடி அதிர்ந்தது. இந்த முறை அவள் குரல் என் காதில் கேட்டது. அழுதுகொண்டிருந்தாள்.

"அத்தை, போன அப்பாகிட்டயா குடுத்தீங்க? 'அப்பா பேசறேம்மா'ன்னு சொன்னாரு. ஏன் சொல்லல? ஏன் சொல்லல எங்கிட்ட?"

"நான் குடுக்கலம்மா. ஹெட்போன் தானா எடுத்துக்கிச்சு. நீ என்ன சொன்ன? அவருகிட்ட என்னம்மா சொன்ன?"

அவள் விட்டு விட்டுச் சொன்னாள். மறுபக்கம் பதிலே வராததால், நான் ரயிலில் இருக்கிறேன், லைன் மோசம், ஆனால் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டாளாம். மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள். ஈரலுக்குப் போய்விட்டதை, இரண்டு மூன்று மாதம் என்று மருத்துவர் சொன்னதை. அப்புறம், "நீங்க சொன்ன மாதிரி ஹோம்ல விட்டுடலாம் அத்தை. எப்படியும் ரெண்டு மூணு மாசம்தான். வீடா ஹோமான்னுகூட அப்பாவுக்குத் தெரியப்போறதில்ல" என்று.

நான் சொன்ன மாதிரி.

ஆமாம், நான்தான் சொன்னேன். அவரை மருத்துவமனையில் சேர்ப்பதற்கு முந்தைய வாரம். விடியற்காலையில் இரண்டு முறை வாந்தி. விரிப்பை மாற்றி, அவரைத் துடைத்து, கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகும்போது பத்தரை மணி. அலுவலகத்தில் எல்லாருக்கும் முன்னால் பேச்சு வாங்கினேன். அன்று மாலை பெர்த்துக்குப் போன் போட்டு, "இனிமே என்னால முடியாதும்மா. எங்கயாவது ஹோம்ல விட்டுடலாம்" என்றேன். வீட்டுக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. போய்விட்டதை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

வார்டுக்குள் திரும்பிப் போக எனக்கு வெகுநேரம் ஆனது. அண்ணன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"இத உன் போன்லேர்ந்து எடுத்துரு லா. கால் வந்தா என் கேம் நின்னுடுது."

அவ்வளவுதான். இரவுச் சாப்பாட்டில் இரண்டு கரண்டி எடுத்தார். கிளம்பும்போது வழக்கம்போல என் நெற்றியில் சிலுவை போட்டார்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் இருந்தபோது மருத்துவமனைச் சமூக ஊழியர் கூப்பிட்டார். அண்ணன் திங்கட்கிழமை காலையில் மருத்துவரிடம் தானாகவே கேட்டிருக்கிறார், "இன்னும் எவ்வளவு நாள்?" என்று. மருத்துவர் பொய் சொல்லவில்லை. அதன்பிறகு சமூக ஊழியரை வரச்சொல்லி, அந்திமகாலப் பராமரிப்பு இல்லத்துக்கு விண்ணப்பித்து, கையெழுத்தும் போட்டுவிட்டார். இடம் கிடைத்தால் மருத்துவமனையிலிருந்து நேராக அங்கே போய்விடுவதாக ஏற்பாடு.

அன்று மாலை ஓடினேன்.

"அண்ணே, வீட்டுக்குப் போலாம். நான் லீவு போட்டுக்கறேன். யார் சொன்னா உங்கள அங்க போகச்சொல்லி?"

"யாரும் சொல்லல. நானா கேட்டேன்."

"வீட்டுக்கு வாங்கண்ணே."

"ஒரு வருஷமா வீட்டுல தானே இருந்தேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

அந்த இல்லத்தில் அவருக்கு ஜன்னலோரக் கட்டில். இரண்டாவது வாரம் மகள் வந்தாள், ஒரு வாரம் இருந்தாள். அவளிடம் அண்ணன் கலகலப்பாகப் பேசினார். பேரன் படங்களைத் திரும்பத் திரும்பக் காட்டச் சொன்னார். கடைசி நாள் அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தட்டுத்தடுமாறிக் கேட்டேவிட்டாள்.

"அப்பா, அன்னைக்கு போன்ல நான்... நான் பேசினது..."

"எந்தப் போன்? ஓ, அதுவா! தல வலிக்குதுன்னு அதக் கழட்டி மடில வெச்சிருந்தேம்மா. உள்ள ஏதோ சத்தம் வருதேன்னு எடுத்துப் போட்டா, நீ அத்தை அத்தைன்னு கூப்புடற. அப்பா பேசறேம்மான்னேன். கட் ஆயிடுச்சு."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, தண்ணீர்க் குவளையை மூடினேன்.

விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நல்ல வேளை அத்தை, அப்பா கேக்கல. கேட்டிருந்தா நான் செத்தே போயிருப்பேன்" என்றாள். ஆமாம் என்றேன்.

அவள் போன மறுநாள் நல்ல மழை. அண்ணனுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் கையில் எலும்பும் நரம்பும்தான் மிச்சம். தலையைத் தூக்காமல், விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அண்ணே, ஹோம்னு நான் சொன்னது ஒரே ஒரு நாள் சொன்னது. ரொம்பக் களைச்சுப் போயிருந்தேன். மனசார சொல்லல."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

"அவகிட்ட கேக்கலன்னு சொல்லலாம் பாப்பா. சின்னப் புள்ள, தூரத்துல இருக்கா. உங்கிட்ட எப்படிச் சொல்றது? கேட்டுச்சு."

"மன்னிச்சிருங்கண்ணே."

"மன்னிக்க என்ன இருக்கு. நீ சொன்னதுல தப்பில்ல. கஷ்டமா இருந்துச்சு, அதான். இல்லன்னு சொன்னா பொய்." அப்புறம் மறு கையை நீட்டினார். "இதுல சுண்டுவிரல் பாக்கி இருக்கு."

அதன்பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை மத்தியானம், தேவாலயத்திலிருந்து சாமியார் வந்து, ஜெபித்து எண்ணெய் பூசிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் போய்விட்டார். நான் தஞ்சோங் பகாரில் இருக்கும் என் அலுவலகத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன். ரயில் மூன்று நிறுத்தம் தள்ளி இருந்தது.

அடக்கம் முடிந்த அன்று வீட்டில் ஊர்ப்பட்ட கூட்டம். எல்லாரும் போன பிறகு அண்ணன் மகள் குசினியில் என் பக்கத்தில் நின்று கோப்பைகளைத் துடைத்தாள். துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, உண்மையிலயே அப்பா அதக் கேக்கலதானே? உங்ககிட்டயாவது ஏதாவது சொன்னாரா?"

"கேக்கலம்மா. அவரே உங்கிட்ட சொன்னாரே."

அவள் என் தோளில் தலையை வைத்து அழுதாள். நான் ஈரக் கையோடு அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். எனக்குத் தாங்கும் என்று நினைத்துத்தான் அண்ணன் என்னிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். பெர்த்திலிருந்து அவள் இப்போதும் மாதத்துக்கு ஒரு தடவையாவது அதையே கேட்கிறாள். நானும் அதே பதிலைத்தான் சொல்கிறேன். சொல்லி முடித்துப் போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் எந்த வேலையும் ஓடுவதில்லை.