நடுக்கோட்டில் நின்ற புள்ளிகள்

புள்ளிவிவரம் என்ற சொல்லைக் கேட்டதுமே பாதிப் பேருக்குக் கொட்டாவி வரும், மீதிப் பேருக்கு அவசரமாக வேறு வேலை வந்துவிடும். பொத்தான் அக்காவுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால் ஆஸ்பத்திரியில் எந்த வார்டுக்குப் பாடம் எடுக்கப் போனாலும் அந்தச் சொல்லை வாயில் எடுக்கமாட்டாள். கையில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதில் நிறைய வெள்ளைப் பொத்தான், ஊடே கொஞ்சம் சிவப்புப் பொத்தான், அள்ளுவதற்கு ஒரு குழிக்கரண்டி. அவ்வளவுதான் அவளுடைய கணக்கு.

பெட்டி பழைய வேலையிலிருந்து வந்தது. சட்டை தைக்கும் கம்பெனியில் அவள் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தாள். அங்கே ஒரு மேனேஜர், வாய் நிறைய வசவு. நேற்று இரண்டு சட்டைதான் கெட்டது, இன்று ஐந்து, தூங்கினாயா என்று தையல் பெண்களைத் தினமும் குதறுவான். ஒருநாள் அவன் மேஜையில் இந்தப் பெட்டியை வைத்தாள். "நீங்களே அள்ளுங்க சார். ஒரு தடவை சிவப்பு ஒண்ணு வரும், ஒரு தடவை அஞ்சு வரும். நீங்க என்ன தூங்கிக்கிட்டா அள்ளுனீங்க? இந்த ஆட்டம் எப்பவும் இருக்கும். அதுக்கு ஆளைத் திட்டாதீங்க. வழக்கமான ஆட்டத்துக்கு மேல ஒரு கோடு போட்டு வெச்சு, அந்தக் கோட்டைத் தாண்டி எகிறினா, அப்ப வந்து என்ன மாறிச்சுன்னு கேளுங்க." மேனேஜர் திருந்தினானா என்று கேட்காதீர்கள். ஆனால் அந்தப் பேச்சு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் காதுக்குப் போய், அவளை அங்கே வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் நோயாளிகள் கீழே விழுவதுதான் தீராத தலைவலி. ஒவ்வொரு வார்டு வாசலிலும் அக்கா ஒரு அட்டை மாட்டினாள். நடுவில் வழக்கமான அளவைக் காட்டக் கறுப்புக் கோடு, மேலே எச்சரிக்கைக்குச் சிவப்புக் கோடு. வாரத்துக்கு எத்தனை பேர் விழுந்தார்களோ அந்த உயரத்தில் ஒரு நீலப் புள்ளி ஒட்டவேண்டும். ஆயா முதல் டாக்டர் வரை எல்லோருக்கும் புரிந்தது. பெரிய டாக்டருக்கும் புரிந்தது, ஆனால் பாதிதான். புள்ளி கொஞ்சம் மேலே போனாலே அந்த வார்டு சிஸ்டரை அறைக்குக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். "அப்படிச் செய்யாதீங்க சார்" என்று அக்கா சொன்னாள். தலையாட்டினாரே தவிர கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

அந்த நேரத்தில்தான் அவளுடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது காலில் பிடிமானம் போய்விட்டது. எந்த வார்டில் சேர்ப்பது என்று அக்கா அட்டை அட்டையாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். மற்ற வார்டுகளில் புள்ளிகள் மேலும் கீழும் குதித்துக்கொண்டிருந்தன. கடைசி வார்டில் மட்டும் நடுக்கோட்டை ஒட்டி அடக்கமாக நின்றன. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள்தான். சொந்த அப்பா என்றதும் மூளை விடுப்பு எடுத்துக்கொண்டது. நல்ல வார்டு என்று நம்பி அவரை அங்கே சேர்த்துவிட்டாள்.

அந்த வார்டில் நுழைந்தால் சத்தமே இருக்காது. நோயாளிகள் எல்லோரும் முதியவர்கள், எல்லோரும் கட்டிலின் நடுவில், இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தபடி படுத்திருப்பார்கள். யாரும் புரண்டு படுக்கமாட்டார்கள். பகல் வெளிச்சத்தில் தரை பளபளவென்று மின்னும். சிஸ்டர் நல்லவர், மெதுவாகப் பேசுவார், எல்லோர் தலையையும் தடவிக்கொடுப்பார். ஆனால் வாசல் அட்டையைக் கடக்கும்போது மட்டும் அவர் அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இதை அக்கா ஏனோ முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் மதியம் அப்பாவுக்குச் சட்டை மாற்றும்போது இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்ததைப் பார்த்தாள்.

"என்னப்பா இது? விழுந்தீங்களா?"

"விழலம்மா. உக்காந்தேன்."

"உக்காந்தா இப்படிக் கன்றுமா?"

அவர் சட்டையை இழுத்து மூடிக்கொண்டார். அவள் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். அங்கே இருந்தவரின் முழங்கையிலும் அதே ஊதா நிறம். அவள் வாயைத் திறப்பதற்குள்ளேயே அவர், "விழல. உக்காந்தேன்" என்றார். அதற்கடுத்த கட்டிலில் இருந்தவரை அவள் கேட்கவே இல்லை. அவர் கண்ணை மூடியபடியே, "உக்காந்தேன்" என்றார். அதே குரல், அதே இழுப்பு.

அப்பா அவள் முந்தானையைப் பிடித்துக் கிட்டே இழுத்தார். "யார்கிட்டயும் சொல்லாதே. கட்டில் நகருது."

"எந்தக் கட்டில்?"

"எல்லாக் கட்டிலும். நாம எந்திரிக்கப் பார்த்தா அது தள்ளிப் போகுது. வேணும்னே போகுதும்மா."

பயத்தில் பிதற்றுகிறார் என்று நினைத்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு அவள் வெளியே வந்தாள். வாசலில் அட்டை. அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தாள். இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று. எங்கேயும் ஒரு சைபர் இல்லை, ஒரு ஐந்து இல்லை. யாரோ நிதானமாக உட்கார்ந்து தையல் போட்டதுபோல நீலப் புள்ளிகள் வரிசையாக ஓடின. உயிரோடு இருக்கிற எதுவும் இப்படி அசையாமல் நிற்காது. இதை எத்தனை பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள்! அவளுக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. தன் மேல் வந்த ஆத்திரம்தான் பெரிது.

அவள் கத்தவில்லை. போய்ப் பெட்டியை எடுத்துவந்து வார்டின் நடு மேஜையில் வைத்தாள். சிஸ்டரும் ஆயாவும் வந்து நின்றார்கள்.

"அள்ளுங்க" என்றாள்.

ஆயா அள்ளினாள். சிவப்பு ஒன்று. சிஸ்டர் அள்ளினார், ஐந்து. மறுபடி ஆயா, ஒன்றுமே இல்லை. மறுபடி சிஸ்டர், மூன்று. பொத்தான்கள் தகரத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. கட்டில்களில் இருந்தவர்கள் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு, மூணு, ரெண்டு, மூணுன்னு மாறி மாறி வரணும். வர்ற வரைக்கும் அள்ளுங்க" என்றாள் அக்கா.

சிஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "சைபர்னு போட்டா யாரும் நம்பமாட்டாங்க. அதான் ரெண்டு, மூணுன்னு போட்டேன். போன அட்டையில புள்ளி மேல போனப்ப, பெரிய டாக்டர் என்னை அறையில நிக்கவெச்சு அத்தனை பேர் முன்னாடி கேட்டார் அக்கா. இங்க படுத்திருக்கிற பெரியவங்ககிட்டதான் கெஞ்சினேன், விழுந்தேன்னு சொல்லாதீங்கன்னு. பாவம், எனக்காகச் சொல்லாம இருந்தாங்க."

"எப்போதிலேருந்து?"

"இந்தப் புதுக் கட்டில் வந்த மாசத்திலேருந்து."

அந்தச் சமயம் பார்த்து, கிறீச்சென்று ஒரு சத்தம். அப்பா எழுந்து உட்கார முயன்று கையை ஊன்றியிருந்தார். பிரேக் போட்ட சக்கரங்களோடு அந்தக் கட்டில், யாரும் தள்ளாமலே, பளபளத்த தரையில் மெல்ல விலகிப் போனது. அக்கா ஓடிப்போய் அவரைத் தாங்கிக்கொண்டாள். சக்கரங்களின் பிரேக் கட்டை மழமழவென்று புதிதாக இருந்தது. மெருகு போட்ட தரையை அது பிடிக்கவே இல்லை. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. புள்ளிகளை உள்ளபடி ஒட்டியிருந்தால் கட்டில் வந்த வாரமே அவை சிவப்புக் கோட்டைத் தாண்டி எகிறியிருக்கும். யாராவது வந்து என்ன மாறியது என்று கேட்டிருப்பார்கள். அவள் அட்டை மாட்டியதே அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

அன்று மாலைக்குள் கட்டில்களைச் சுவரோடு சேர்த்துக் கட்டினார்கள். பழைய புள்ளிகளை அக்கா உரித்துப் போட்டாள். சிஸ்டர் ஒவ்வொரு கட்டிலாகப் போய்க் கேட்டு வரவர, இந்தத் தடவை விழுந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளியாக, ஒன்றின் மேல் ஒன்றாகப் புதுப் புள்ளிகள் ஏறின. சிவப்புக் கோடு தாண்டியது, அட்டையின் மேல் விளிம்பும் தாண்டியது, வெறும் சுவரில் ஒட்டினார்கள். பெரிய டாக்டர் வந்து பார்த்தார். இந்தத் தடவை சிஸ்டரை அறைக்குக் கூப்பிடவில்லை.

ஆயா பின்னாலிருந்து கையை நீட்டினாள். "எனக்கு ஒரு புள்ளி குடுங்கக்கா."

"யாருக்கு?"

ஆயா ஜன்னலோரம் விரிப்பு மாற்றிக் காலியாக இருந்த கட்டிலைக் காட்டினாள். "அங்க இருந்து போய்ச் சேர்ந்தாரே, அவரும் உக்காந்தாருன்னுதான் சொன்னோம்."

அக்கா புள்ளியை உரித்து அவள் விரலில் வைத்தாள். ஆயா எட்டி, சுவரில் எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டினாள்.

மிச்சம் இருந்தது அப்பா மட்டும்தான். அக்கா ஒரு நீலப் புள்ளியை விரலில் ஒட்டிக்கொண்டு அவர் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். கட்டில் நகரவில்லை. அப்படியும் அவருடைய இரண்டு கையும் விளிம்பை விடவில்லை.

"அப்பா, இப்பச் சொல்லுங்க. விழுந்தீங்களா?"

அவர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் தலையசைத்தார். பிறகு மகளின் விரலில் இருந்த புள்ளியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு பத்தாதும்மா" என்றார்.