கண்ணை மூடிய நேரம்

போன வாரம் சித்தூரில் ஒரு கல்யாணம். போதகர், "எல்லாரும் கண்ண மூடுங்க, ஜெபம் பண்ணலாம்" என்றார். நான் மூடவில்லை. இந்த வயதிலும் அதைக் கேட்டால் கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

ஆந்திராவில் இருந்த திருத்தணியை மெட்ராஸ் ராஜ்யத்துக்குக் கொடுத்துவிடப்போகிறார்கள் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த காலம். அந்தப் பக்கத்து இருளர் பெண் நான். படிக்கட்டும் என்று நைனா என்னைப் பாகாலாவுக்குப் பக்கத்தில் இருந்த கிறிஸ்தவ விடுதிக்குக் கூட்டிப்போனார். பினாயில் நாறிய கூடத்தில் டீச்சரம்மா கண்ணை மூடச் சொன்னார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன். நைனா இல்லை. பிள்ளைகள் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணாமல் இருக்க அவர்கள் கண்டுபிடித்த வழி அது. சாமி பேரைச் சொல்லி ஏமாற்றினார்கள்.

அப்புறம் எந்த ஜெபத்திலும் நான் கண் மூடவில்லை. அதற்காக முட்டியில் பிரம்படி விழுந்தது.

"உங்க ஊரு மெட்ராஸுக்குப் பூட்டா, உங்க நைனாவ இந்தாண்ட ஆந்திராக்குள்ள வுடமாட்டாங்கடி" என்று பெரிய பெண்கள் சிரித்தார்கள். நான் நம்பினேன்.

லீவுக்கு என்னைக் கூட்டிப்போக நைனா வந்துவிட்டார். அவர் மேலெல்லாம் விறகுப் புகை வாசனை. கிளம்பும்போது டீச்சரம்மா மறுபடியும் ஜெபம் என்றார். நைனாவின் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். அவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் மூடலம்மே" என்று குனிந்து கிசுகிசுத்தார். "மூடிக்கினா உன்ன உள்ள இட்டுனு பூடுவாங்கன்னு பயமாக்கீது."

சோறு போட்டார்கள், படிப்பு கொடுத்தார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு ஆமென் வரும்வரை அப்பனும் மகளும் ஒருவரையொருவர் காவல் காத்துக்கொண்டு நின்றோம்.