எட்டு மாதக் குழந்தைக்கு ஒரு வண்டி

பெண் குழந்தை, எட்டு மாதம், கரீம்நகரில் ஒரு காப்பகத்தில் இருக்கிறாள் என்று செய்தி வந்தது. கூடவே ஒரு புகைப்படம். நீல நிற ஸ்வெட்டர், மொட்டை அடித்து முளைக்கத் தொடங்கியிருந்த முடி, கேமராவைப் பார்க்காமல் வேறு எதையோ பார்க்கும் கண்கள். இரண்டு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். நாங்கள் அன்று மாலையே சரி என்று சொல்லிவிட்டோம்.

யாரிடமும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. தத்துக்குப் பதிவு செய்து காத்திருந்த வருடங்களில் ஒருமுறை இதேபோல் ஒரு குழந்தையைப் பற்றிச் செய்தி வந்து, நாங்கள் ஊர் முழுக்கச் சொல்லி, தொட்டில்கூட வாங்கிவிட்டோம். பிறகு அந்த ஏற்பாடு நடக்கவில்லை. திண்டுக்கல்லிலிருந்து அம்மா கிளம்பி வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். செகந்திராபாத்தின் மெட்டுகுடாவிலிருந்து என் கணவரின் உறவுகள் ஒவ்வொருவராக வந்து துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்தார்கள். இன்னொரு முறை அதைத் தாங்க முடியாது என்று இருவருக்கும் தோன்றியது.

எங்களிடம் இருந்தது ஒரு ஸ்கூட்டர். அதே ஊரில் திருமுல்கேரியில் வீடு, எனக்கு அலுவலகப் பேருந்து, அவருக்கு ஸ்கூட்டர். அதுவரை கார் தேவைப்படவில்லை. குழந்தையை அழைத்துவர ஒரு டாக்ஸி வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"அன்னைக்கு டாக்ஸி சரி. அப்புறம் ஊசி போடணும், ஜுரம் வரும், மழையில போகணும். நம்ம வண்டி ஒண்ணு வேணும்" என்றார் அவர்.

புது வண்டி வேண்டாம் என்பதில் எங்களுக்குள் வாக்குவாதமே இல்லை. பழைய வண்டியில் எது என்பதில்தான். அவருக்கு ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி வேண்டும். மெட்டுகுடாவில் பிறந்து வளர்ந்தவர். அவர்கள் வீட்டில் எங்கே போனாலும் ஒரு படையாகத்தான் போவார்கள். எனக்கோ எங்கள் சந்தில் திரும்பக்கூடிய சிறிய வண்டி போதும். பின்கதவு அகலமாகத் திறக்க வேண்டும், குழந்தை இருக்கையைக் கட்டும்படி பின்சீட்டில் நல்ல பெல்ட் இருக்க வேண்டும், பின்னால் ஏசி காற்று போக வேண்டும். இதெல்லாம் இணையத்தில் படித்துச் சேர்த்த அறிவு. குழந்தை எவ்வளவு எடை என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது.

முதலில் பழைய கார் விற்கும் ஒரு கடைக்குப் போனோம். விற்பனையாளர் இளைஞர், இந்தியும் தெலுங்கும் கலந்து பேசினார். குழந்தைக்காக வண்டி என்று கேட்டதும் அவர் பார்வை என் வயிற்றுக்குப் போய் வந்தது. "எத்தனாவது மாசம் மேடம்?" என்று தெலுங்கில் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் என் கணவர், "ஏழாவது மாசம்" என்றார். இளைஞர் வாழ்த்துச் சொல்லிவிட்டு, எனக்கு உட்கார நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் துப்பட்டாவை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு அதில் உட்கார்ந்தேன். எந்த வண்டியும் என் கண்ணில் படவில்லை.

திரும்பும் வழியில் ஒரு சிக்னலில் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்ன?"

"அவன் யாரோ. இனிமே பாக்கப் போறதில்ல. அவன்கிட்ட எல்லாக் கதையும் கைக்கு சொல்லணும்?" கோபம் வந்தால் அவர் வாயில் 'ஏன்' என்பது ஊர் இந்தியின் 'கைக்கு' ஆகிவிடும்.

"கதை சொல்ல வேணாம். ஆனா அவ ஒருத்தி அங்க இருக்கா. இல்லாத ஒண்ண ஏன் சொல்லணும்?"

பச்சை விளக்கு விழுந்து, பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். வீட்டுக்கு வந்து ஸ்கூட்டரை நிறுத்தியதும், "நீ சொல்றது சரிதான்" என்றார். அவ்வளவுதான். ஆனால் அவர் தன் மனத்துக்குள் அதையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார் என்பது இரவுச் சாப்பாட்டின்போது தெரிந்தது. "யார் கேட்டாலும் இனிமே நீயே சொல்லு" என்றார்.

அடுத்த ஞாயிறு மௌலா அலிக்குப் போனோம். ஊழியர் குடியிருப்பு ஒன்றில் ஒரு பெண்மணி தன் காரை விற்பதாக விளம்பரம் பார்த்திருந்தோம். ஐம்பது வயதைத் தாண்டியவர், பள்ளி ஆசிரியை. செகந்திராபாத்திலேயே பல தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். கணவர் ஓய்வு பெறுவதால் பெங்களூரில் மகளுடன் போய் இருக்கப்போகிறார்கள். என் கணவரும் அந்த ஆசிரியையும் ஐந்து நிமிடத்தில் ஏதோ ஒரு கல்யாணத்தின் வழியாகத் தூரத்துச் சொந்தமாகிவிட்டார்கள்.

வண்டி சாம்பல் நிறம், சிறியது, கூரை மட்டும் சற்று உயரம். "இந்தக் கதவுக்குப் பெயின்ட் அடிச்சிருக்குது. கேட்ல நான்தான் இடிச்சேன்" என்று அவரே சொன்னார். "இந்தப் பக்கம் பின் கண்ணாடி பாதிதான் இறங்கும். மெக்கானிக்க கூட்டிட்டு வந்து காட்டிக்குங்க."

என் கணவர் முன்பக்கம் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். ஆசிரியை கதவருகே குனிந்து, "குழந்தைக்குன்னு போன்ல சொன்னீங்களே. வீட்ல இருக்குதா?" என்று கேட்டார்.

என் கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இல்ல ஆன்ட்டி. கரீம்நகர்ல இருக்கா. நாங்க தத்தெடுக்கறோம். எட்டு மாசம். போய்க் கூட்டிட்டு வரணும்."

சொல்லிவிட்டு நான் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாராட்டு வரும், அல்லது ஏன், எதனால், டாக்டரிடம் பார்த்தீர்களா என்று வரும். இரண்டுக்கும் பழகியிருந்தேன்.

"உக்காருறாளா?" என்று கேட்டார் அவர்.

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. "தெரியல ஆன்ட்டி."

"எட்டு மாசம்னா உக்காருவா. சில பிள்ளைங்க கொஞ்சம் லேட். முதுகு நிக்கற வரைக்கும் பின்பக்கம் பாத்த மாதிரி சீட்ட கட்டுங்க. இந்தச் சீட்டு கொஞ்சம் சாய்வு, அடியில ஒரு டவல சுருட்டி வெக்கணும்."

எத்தனையோ படிவங்களிலும் பேட்டிகளிலும் எங்களிடம் எவ்வளவோ கேட்டிருக்கிறார்கள். வருமானம், உடல்நிலை, வளர்க்க முடியுமா, முடியாவிட்டால் யார் பார்த்துக்கொள்வார்கள். ஒரு குழந்தையின் அம்மாவிடம் கேட்கிற கேள்வியை அன்றுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பதில் தெரியாதது வெட்கமாகவும் இருந்தது, மகிழ்ச்சியாகவும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவர் பார்த்தும் பார்க்காததுபோல் வீட்டுக்குள் போய்ச் சாவியை எடுத்துவந்தார்.

ஓட்டிப் பார்க்க நான் உட்கார்ந்தேன். ஆன்ட்டி பக்கத்தில், என் கணவர் பின்னால். தர்கா இருக்கும் குன்றைச் சுற்றி, ரயில் நிலையத்துப் பக்கம் வரை போய்வந்தோம். ஒரு எருமை குறுக்கே வந்து நான் அழுத்திப் பிரேக் போட்டபோது பின்னால் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால், என் கணவர் குழந்தை இருக்கவேண்டிய இடத்தில் கைகளை மடியில் வைத்து அடக்கமாக உட்கார்ந்திருந்தார்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"வெயில் நேரா மூஞ்சில அடிக்குது. ஒரு திரை போடணும். மத்தபடி நல்லா இருக்குது."

"அந்தப் பெரிய வண்டி?"

"நக்கோ, வேணாம். இதுவே போதும்."

மெக்கானிக் பார்த்து, பிரேக்கில் சிறு வேலை சொன்னார், செய்துகொண்டோம். பெயர் மாற்றும் வேலைக்காக மறுபடி சந்தித்தபோது ஆன்ட்டி மகளுக்கு அந்தக் காரிலேயே ஓட்டக் கற்றுக்கொடுத்ததைச் சொன்னார். வண்டி எங்கள் வாசலுக்கு வந்த பிறகு என் கணவர் ஒரு வாரம் அதை ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம்.

கரீம்நகரில் எங்களை ஒரு கூடத்தில் உட்கார வைத்தார்கள். பாயில் அவள் உட்கார்ந்திருந்தாள், நேராக, யாரும் பிடிக்காமல். ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் எதிரில் போய் உட்கார்ந்ததும் தட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். புகைப்படத்தில் இருந்ததைவிடச் சிறியவளாக இருந்தாள்.

கிளம்பும்போது இருக்கையில் வைத்ததும் அழத் தொடங்கினாள். சித்திபேட்டை வரை அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் பாடினேன். அவளுக்குத் தெரிந்த மொழி தெலுங்கு என்பது பாதி வழியில்தான் உறைத்தது. என் தெலுங்கு அலுவலகத் தெலுங்கு. அதில் தாலாட்டு கிடையாது. என் கணவர் ஓட்டிக்கொண்டே ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துப் பாட்டை ஆரம்பித்தார். அழுகை நின்று, வாந்தி எடுத்தாள். சாலையோர டீக்கடையில் நிறுத்தி, அவளைக் கழுவி, உடை மாற்றினோம்.

அங்கிருந்துதான் அம்மாவை வீடியோவில் அழைத்தேன். தோளில் சாய்ந்திருந்த குழந்தையைப் பார்த்து அம்மா, "யாருடி இது?" என்றார். நான் குழந்தையின் முகம் தெரியும்படி போனைத் திருப்பினேன். அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு, "வெயில்ல நிக்காதீங்க. பிள்ளையத் தூக்கிட்டு உள்ள போங்க" என்றார்.

ஷாமீர்பேட்டை தாண்டியபோது அவள் தூங்கிவிட்டாள். வீட்டு வாசலில் வண்டி நின்றது. என் கணவர் இன்ஜினை அணைக்கவில்லை. ஏசி ஓடட்டும் என்று விட்டுவிட்டார். எங்கள் அடுக்குமாடிக் காவலாளி, ஏதும் கோளாறோ என்று வந்து கண்ணாடியில் எட்டிப் பார்த்தார். என் கணவர் உதட்டில் விரலை வைத்துப் பின்சீட்டைக் காட்டினார். அவர் தலையாட்டிவிட்டு, சத்தம் வராமல் கேட்டைச் சாத்தினார். அவள் விழிக்கும்வரை நாங்கள் இறங்கவில்லை.