பவுடர் அண்ணன் தலையாட்டிய மாலை

எங்கள் தொலைக்காட்சி நிலையத்தில் எல்லாரும் அவரைப் பவுடர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். இருபத்திரண்டு வருடமாக மேக்கப் அறை அவர் கையில். அதற்கு முன்னால் ஒரு கார் பட்டறையில், அடிபட்ட வண்டிகளின் நெளிசலை நிரவிப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தார். "அங்கே நெளிஞ்ச கதவு, இங்கே நெளிஞ்ச மூஞ்சி. ரெண்டும் பட்டி பார்க்கிற வேலைதான்டா" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நான் ஒலிப் பிரிவு. வருகிறவர்களின் சட்டையில் மைக் குத்துகிறவன். அவர் முகத்தை முடிக்கிற நேரத்தில் நான் கழுத்துக்குக் கீழே குனிந்து நிற்பேன். அதனால் அன்றைக்கு அந்த அறையில் என்ன பேசினார்கள் என்பதை என் இரண்டு காதாலும் கேட்டவன் நான். இதை எவன் முன்னால் வேண்டுமானாலும் சொல்வேன்.

அண்ணனின் தொழில் முறையே தனி. நாற்காலியில் உட்கார்ந்தவரைப் பேச வைத்துத்தான் பவுடர் போடுவார். சும்மா இருக்கிற முகத்தில் போட்டால், வாயைத் திறந்ததும் கோடு கோடாக வெடித்துவிடும் என்பார். முட்டி வலி, மழை, வீட்டுக் கதை என்று எதையாவது எடுத்து விடுவார். நேரலை ஓடும்போது பஞ்சுடன் கேமராவுக்குப் பக்கத்திலேயே நிற்பார். பேசுகிறவர் முகம் மினுங்குகிறதோ என்று சந்தேகப்பட்டு அவரைப் பார்த்தால், சரியாக இருக்கிறது என்று ஒரு தலையாட்டு. மந்திரி, பாட்டுக்காரர், சமையல் சொல்லித்தரும் அம்மாள் என்று யார் பார்த்தாலும் அதே தலையாட்டுதான். அவர்கள் பேசுவது அவர் காதிலேயே விழாது. விழுந்திருந்தால் இத்தனை வருடம் அந்த வேலையில் யாரால் தாக்குப்பிடிக்க முடியும்?

அவருக்கு ஒரே பையன். மூன்று வருட ஒப்பந்தத்தில் ராணுவத்தில் சேர்ந்தவனை, எதற்கென்று ஒருத்தருக்கும் விளங்காத அந்தத் தூரத்துப் போருக்கு அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. மறுபடி கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருடம், போடாவிட்டால் வீடு. அவன் போனில் கூப்பிடும்போதெல்லாம் வந்துவிடு, வந்துவிடு என்று அண்ணன் தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தார். அண்ணி தையல்காரி. பையனுக்கு நான்கு சட்டைக்குத் துணி எடுத்து வைத்துவிட்டாள். "இளைச்சுதான் வருவான். வந்ததும் அளவெடுத்து வெட்டிக்கறேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

அப்போதுதான் தேர்தல் விவாதத்துக்காக அந்த வேட்பாளர் வந்தார். 'ஆறே மாதத்தில் கடைசி வீரன்வரை வீடு திரும்புவான்' என்று மூன்று மாதமாகத் தொண்டை கிழியக் கத்தியவர். போரைப் பாதியில் விடக்கூடாது என்று நிறையப் பேர் சொன்னதாக முந்தின வாரம் ஏதோ கருத்துக்கணிப்பு வந்தது. அதிலிருந்து 'களநிலவரத்தைப் பொறுத்து' என்று வழுக்க ஆரம்பித்திருந்தார்.

அண்ணன் அவர் நெற்றியில் பஞ்சை ஒற்றியபடி சொன்னார்: "ஐயா, என் பையனும் அங்கேதான் இருக்கான். அடுத்த மாசம் முடியுது, கையெழுத்துப் போடாம வந்துடுடான்னு சொல்லியிருக்கேன். நீங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்துடுவேன்னு பேசினீங்களே, அன்னிக்குத்தான் என் வீட்டுக்காரி வயிறாரச் சாப்பிட்டா."

"அப்படியா? பையன் எந்தப் படைப்பிரிவு?" என்று கேட்டார் அந்த மனுஷன். அண்ணன் சொன்னார். "ரொம்ப சந்தோஷம்" என்றார். இவ்வளவுதான். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மாலை ஆறு மணிக்கு விவாதம். எதிர்த்து நின்ற அம்மாள் விடவில்லை. "படையைத் திருப்பிக் கூப்பிடுவீங்களா, மாட்டீங்களா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று மூன்று தடவை கேட்டாள். இவருக்கு வியர்த்தது. தண்ணீர் குடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, கண்ணைக் கலக்கிக்கொண்டு ஆரம்பித்தார்.

"இன்று இதே நிலையத்தின் ஒப்பனை அறையில் ஒரு தந்தையைச் சந்தித்தேன். அவர் மகன் போர்முனையில் நிற்கிறான். அந்தத் தந்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, 'ஐயா, என் மகனைப் பாதியில் கூப்பிட்டு அவமானப்படுத்தாதீர்கள், வேலையை முடித்துவிட்டே வரட்டும்' என்றார். இதோ, இங்கேயே நிற்கிறார்!"

சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்தார். அண்ணன், பழக்க தோஷம், தலையாட்டினார். கேமரா அப்படியே அவர் பக்கம் திரும்பியது. கையில் பஞ்சோடு ஒரு தகப்பன் தலையாட்டுவதை நாடே பார்த்தது. கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. அடச் சீ! பெற்றவன் வயிற்றெரிச்சலைக்கூட எடுத்துப் பூசிக்கொள்வானா ஒருத்தன்? அப்படி ஒரு பச்சைப் பொய்யைச் சொன்ன வாயருகே அந்த மைக்கைக் குத்தினவன் நான் என்று நினைக்கும்போது என் கைமேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

"என்னடா சொன்னான் அவன்?" என்று அண்ணன் என்னிடம்தான் கேட்டார். நான் சொன்னதும் பஞ்சைப் போட்டுவிட்டுச் செய்தி ஆசிரியரிடம் ஓடினார். அந்த ஆள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. "தேர்தல் நேரம்ணே. நாம மறுப்புப் போட்டா ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி ஆயிடும். விடுங்க, ரெண்டு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க."

மறுநாள் வேட்பாளரின் ஆள் ஒருவன் பல்லை இளித்துக்கொண்டு வந்தான். அண்ணன் தலையாட்டுகிற படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, கீழே வேட்பாளரின் கையெழுத்தோடு கொண்டுவந்திருந்தான். அண்ணன் அதை வாங்கி, அழுக்குப் பஞ்சு போடும் கூடைக்குள் செருகினார். த்தூ என்று துப்பியவன் நான்தான்.

அண்ணி அவரோடு பேசவில்லை. நான் போய், "அண்ணி, நான் பக்கத்துலயே நின்னேன். சத்தியமா அவர் அப்படிச் சொல்லல" என்ற பிறகுதான் நம்பினாள். ஆனால் பையனுக்கு எப்படிச் சொல்வது? இங்கிருந்து கூப்பிட முடியாது. பதினைந்து நாளைக்கு ஒரு முறை, அவன் முறை வரும்போது, அங்கிருந்து மூன்று நிமிடம் பேசலாம். கடிதம் எழுதினார், அது எப்போது போய்ச் சேருமோ. அடுத்த முறை வருவதற்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

பையன் முறை வந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் வீட்டுக்கு வரச் சொன்னார். "நீ சொன்னா நம்புவான். எடுத்ததும் உன்கிட்ட குடுத்துடறேன்." மூன்று பேரும் தையல் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பத்து மணிக்கு அழைப்பு வந்தது. எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"அப்பா! இங்க எல்லாரும் டிவி பார்த்தோம்பா. உங்களைக் காட்டினதும் பசங்க என்னைத் தோள்ல தூக்கிட்டாங்க. கமாண்டரே வந்து கை குடுத்தாரு."

"டேய், நான் சொல்றதைக் கேளு…"

"இருங்கப்பா, நேரம் இல்ல. இத்தனை நாளா வந்துடு வந்துடுன்னு நீங்க சொன்னதெல்லாம் அம்மாவுக்காகன்னு இப்பதான் புரிஞ்சுது. உங்க மனசுல இருக்கறதை வெளியில சொல்ல முடியாம எவ்வளவு தவிச்சிருப்பீங்க! அன்னிக்கே கையெழுத்துப் போட்டுட்டேன்பா. இன்னும் ரெண்டு வருஷம். சந்தோஷம்தானே?"

அண்ணன் போனை என் பக்கம் தள்ளினார். நான் போனுக்குக் கையை நீட்டினேன். அதற்குள் அண்ணி எடுத்துவிட்டாள். "டேய் கண்ணா, அப்பா அப்படிச் சொல்லவே இல்லடா" என்று அலறினாள்.

"அம்மா, அழாதம்மா" என்றான் பையன், குழந்தைக்குச் சொல்வதுபோல. "நீ இப்படித்தான் சொல்வேன்னு எனக்குத் தெரியும்."

மூன்று நிமிடம் முடிந்துவிட்டது.