ஒட்டிக்கொண்ட கொடி

முதல் பிரசவத்தில் எனக்குப் பிள்ளை தங்கவில்லை. அழவே இல்லை அவன். அதோடு விட்டதா என்றால், நஞ்சுக்கொடியும் கர்ப்பப்பையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. பிய்த்தால் ரத்தம் நிற்காது, பையையே எடுக்க வேண்டிவரும் என்றார் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மா. எனக்கு வயது இருபது. பையை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமாகக்கூட இல்லை.

அவர் கொடியை உள்ளேயே விட்டுவைத்தார். மெல்ல மெல்லக் கரையும், மாதக்கணக்காகும், வாராவாரம் வந்து காட்டு, யாரும் கைவைக்கக் கூடாது என்று பலமுறை சொல்லித்தான் மூன்று வாரம் கழித்து அனுப்பினார்.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாமியார் கெட்டவள் அல்ல. கெட்டவளாக இருந்திருந்தால் அவள் பேச்சைக் கேட்டிருக்க மாட்டேன். இறந்து பிறந்த பிள்ளையைக் கொடியோடு சேர்த்துப் புதைப்பதுதான் அவர்கள் வழக்கம். என் பிள்ளையோ ஏரிக்கரையில் தனியாகக் கிடந்தான்.

"கொடி கூட போனாதான் புள்ள அதே வயித்துக்குத் திரும்பி வரும். அவன் அங்க, கொடி இங்க கீது. எப்டி வருவான்?" என்றாள்.

டாக்டரம்மா சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் அவர் பேசியது இனிமேல் பிறக்கப்போகும் ஏதோ ஒரு பிள்ளையைப் பற்றி. இவள் பேசியது என் பிள்ளையைப் பற்றி. மருத்துவச்சியைக் கூப்பிடச் சொன்னது நான்தான். பழியை வேறு யார்மேலும் போட எனக்கு வழியில்லை.

மருத்துவச்சி இழுத்ததில் கொடி பாதிதான் வந்தது. மாமியார் அதைச் சட்டியில் ஏந்திக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடினாள். ரத்தம் நிற்காத என்னை நெல் லாரியில் போட்டு செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனார்கள். கண் விழித்தபோது பை இல்லை. டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பை போனதைத் தன் அம்மாவிடம் சொல்லாதே, தாங்கமாட்டாள் என்றார் என் வீட்டுக்காரர். உள்ளே தையல் போட்டிருக்கிறது என்று சொல்லிவைத்தார்.

மூன்று மாதமாக நான் வீட்டுக்குத் தூரமாகி ஒதுங்கவில்லை. பை இல்லாதவளுக்குத் தூரம் எங்கிருந்து வரும்? மாமியார் நாளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு காலையில் என் இடுப்பிலிருந்த தண்ணீர்க்குடத்தைப் பிடுங்கி இறக்கிவைத்தாள். என் வயிற்றில் கைவைத்தாள்.

"கொடி போய் சேந்துட்ச்சி பாரு. வந்துட்டான்" என்றாள்.

இன்னும் ஒரு மாதம் அவளை அப்படியே விட்டுவைத்தேன்.