மேல்சுழி

கல்யாணமாகி நகரியிலிருந்து திருப்பதிக்குக் குடிவந்தபோது என் கணவருக்குத் தமிழ் எழுதத் தெரியாது. படித்ததெல்லாம் தெலுங்கு மீடியம். அலிபிரி போகும் சாலையில் ஒரு நியான் போர்டு கடையில் வேலை. கண்ணாடிக் குழாயை நெருப்பில் காட்டி எழுத்தாக வளைப்பார். லாட்ஜுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிய தொண்ணூறுகள் அவை. சென்னையிலிருந்து வரும் பக்தர்களுக்காகத் தமிழிலும் போர்டு கேட்டார்கள். தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். காகிதத்தில் பெரிதாக எழுதிக் கொடுப்பேன். அதைப் பார்த்து அவர் வளைப்பார்.

‘போ’வையும் ‘பொ’வையும் எழுதிக் காட்டி, மேல்சுழி இருந்தால் நெடில், இல்லாவிட்டால் குறில் என்று சொல்லிக்கொடுத்தேன்.

“இத்தினூண்டு சுழிக்கு அர்த்தமே மாறிப் பூடுமா?” என்று சிரித்தார்.

மிச்சக் குழாய்களில் வீட்டுக்கென்று வார்த்தைகள் செய்வார். தெலுங்கில் ‘ரா’ என்று ஒன்று செய்து வாசலுக்கு மேல் மாட்டினார். “தெலுங்குக்காரனுக்கு இது ‘வா’. உனுக்கு ராத்திரி. எப்படிப் படிச்சாலும், இது எரியற நேரத்துக்கு நான் வூட்டுக்கு வந்துறணும்” என்றார்.

பிறகு துபாயில் ஒரு போர்டு கம்பெனிக்கு ஆள் எடுத்தார்கள். கடையிலிருந்து மூன்று பேர் கிளம்பினார்கள், அவரும் ஒருவர். மகளுக்கு அப்போது இரண்டு வயது. கிளம்பும் முந்தின வாரம் ‘போய் வருகிறேன்’ என்று சிவப்பில் செய்து தெருப்பக்க ஜன்னலில் மாட்டினார்.

“நம்ம பாஷையில போறேன்னு மட்டும் சொல்லக்கூடாது இல்ல? அதான் ரெண்டையும் போட்டுட்டேன்.”

தினமும் சாமிக்கு விளக்கேற்றிய கையோடு அந்த சுவிட்சையும் போடுவேன். இரண்டு வருடம் கடிதம் வந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு போன் வந்தது. அப்புறம் இரண்டும் நின்றன. கூடப் போனவர்களில் ஒருவர் திரும்பி வந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன்.

“கம்பெனிய மூடிட்டாங்க அண்ணி. அவரு வேற எங்கியோ வேலைக்குப் பூட்டாரு. எங்கன்னு தெரியல” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

குழாயடியில் பேச்சு கிளம்பியது, அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று. யார் முதலில் சொன்னது என்று தெரியாது. நம்பியது நான்தான்.

எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே குழாய் எரிவது தெரியாமலிருக்க அதன்மேல் கறுப்புப் பெயின்ட் அடிப்பார்கள். அவர் வைத்துவிட்டுப் போன டப்பாவில் கொஞ்சம் இருந்தது. பொங்கலுக்கு முந்தின ஒரு மத்தியானம் ஸ்டூல் போட்டு ஏறி, ‘போ’வின் மேல்சுழியை மட்டும் மறைத்தேன். சாயங்காலம் சுவிட்சைப் போட்டபோது ‘பொய் வருகிறேன்’ என்று எரிந்தது. எங்கள் தெருவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் கிடையாது. யாரும் கவனிக்கவில்லை.

மகளுக்கு அப்போதுதான் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஜன்னலைப் பார்த்து எழுத்துக் கூட்டினாள்.

“பொய்யின்னு கீதும்மா. நைனா தப்பா எழுதிட்ச்சா?”

“இல்ல. நான்தான் திருத்தினேன்” என்றேன்.

அடுத்த ஆடியில் ஒரு பையோடு அவர் வந்து நின்றார். சொல்லி அனுப்பவில்லை. போன உடம்பில் பாதிதான் இருந்தது. உள்ளே வருவதற்கு முன்பே ஜன்னலைப் பார்த்துவிட்டார்.

“மேல்சுழி பூட்ச்சே” என்றார்.

“நான்தான் பெயின்ட் அடிச்சேன்.”

“எப்போ?”

“பொங்கலுக்கு முன்ன.”

யோசித்தார். “அப்போ என்னை உள்ள வெச்சிருந்தாங்க. பேப்பர் சரியில்லாம வேலை செஞ்சிக்கினு இருந்தேன், புடிச்சிட்டாங்க. ஜெயில்லேர்ந்து இன்னான்னு எழுதறது? அதான் எழுதல.”

சோறு போட்டேன். சாப்பிட்டு முடித்ததும் பிளேடு எடுத்து, குழாயில் கீறல் விழாமல் அந்தப் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்தார். ஒரு திட்டுகூட மிச்சமில்லை.

மகள் மனசில் நான் பூசியதைத்தான் அவரால் எடுக்க முடியவில்லை. அவர் எதைச் சொன்னாலும் அவள் திரும்பி என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையாட்டினால்தான் நம்புவாள். சாக்லேட் வாங்கி வருகிறேன் என்றாலும் அப்படித்தான். மறுபடியும் கடைக்கு வேலைக்குப் போனார். அவள் ஒன்பதாவது படிக்கும்போது நெஞ்சுவலியில் இறந்தார். அதுவரைக்கும் அந்தப் பார்வை மாறவில்லை.

அவர் துபாயிலிருந்து வந்த அந்த மாதமே, “நாளிக்கு நாராயணவனம் கோயிலுக்குப் போலாம், பஸ்ஸுல ஜன்னலாண்ட குந்திக்கினு போலாம்” என்று அவளிடம் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள்.

“என் பொண்ணு எதுக்கு ஒவ்வொரு வாட்டியும் உன்னைப் பார்க்குது?” என்று கேட்டார்.

“சின்னப் புள்ள. இன்னும் பழகல” என்றேன்.

மறுநாள் முண்டியடித்து ஏறி, தன் பக்கத்தில் ஜன்னலோரமாக அவளுக்கு இடம் பிடித்தார். அவள் போகவில்லை. பின் சீட்டில் என் மடியில் உட்கார்ந்துகொண்டாள். ரேணிகுண்டாவில் ஏறிய ஒருவர் காலியாக இருந்த அந்த இடத்தைக் கேட்டார். “பாப்பா வருது” என்று சொல்லி, புத்தூரில் இறங்கும் வரைக்கும் அதன்மேல் கையை வைத்துக்கொண்டே வந்தார்.